அலைன்மென்டுக்கு முன் செய்யும் சோதனை: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

ஈசூனிலிருந்து:
வணக்கம். இங்கே சிங்கப்பூரில் லாரிப் பட்டறை ஒன்றுக்குச் சுவரட்டை மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்கிற அலைன்மென்ட் மேடையில் அளவு எடுக்கும் முன் டயர்க் காற்று, தேய்மானம், பால் ஜாயின்ட், டை ராடு முனை, பேரிங், ஸ்பிரிங் தொய்வு எல்லாம் பார்ப்பார்களே, அதற்குத் தலைப்பு வேண்டும். இப்போதைக்கு 'சக்கர முன்சோதனை' என்று வைத்திருக்கிறேன். படிக்கப்போகிறவர்கள் பெரும்பாலும் புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துத் தம்பிகள்.

காக்கி புக்கிட்டிலிருந்து:
தம்பி, அப்படி ஒட்டினால் பையன்கள் முன்சக்கரத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுவார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பின் ஸ்பிரிங் தொய்ந்திருந்தால் முன்பக்கத்து கேஸ்டர் கோணமே (சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) மாறிவிடும், பின்னால் பார்க்காமல் விட முடியாது. நாங்கள் இதை 'ஆட்டம் பார்க்கிறது' என்போம். சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் கைவைத்து அசைத்தால் பேரிங், பால் ஜாயின்ட் தெரியும். இடமும் வலமும் பிடித்து அசைத்தால் டை ராடு. ஆட்டத்தை வைத்துக்கொண்டு கோணத்தைத் திருத்தினால் அது நிற்காது, காசுதான் தண்டம். 'ஆட்டச் சோதனை' என்று போடுங்கள்.

தேக்காவிலிருந்து:
ஆட்டத்தில் டயர்க் காற்று எங்கே அடங்கும்? புறநானூறு 102-இல் ஔவையார் உமணர் வண்டியைச் சொல்கிறார். எருது இளையது, பாரம் பெரிது, வழியில் பள்ளமோ மேடோ யார் கண்டது என்று அடிமரத்தில் சேம அச்சு, அதாவது மாற்று அச்சு, ஒன்றைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். நோட்டம் என்பதோ காசின் தரம் பார்ப்பது. இரண்டையும் சேர்த்தால் 'சேமநோட்டம்'. பாரத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்குப் 'பீலிபெய் சாகாடு' குறள் இருக்கவே இருக்கிறது, மயிலிறகே ஆனாலும் அளவு மிஞ்சி ஏற்றினால் அச்சு முறியும் என்று.

பிடோக்கிலிருந்து:
ஐயா, 'சர்வீஸ்' என்று எழுதியதற்கே எங்களைப் பிடித்துக் காய்ச்சிய நீங்களா சேமத்தைக் கொண்டுவருகிறீர்கள்? அது க்ஷேமம் இல்லையா? வடசொல்லைத் தமிழ் எழுத்தில் மாற்றி ஏற்கலாம் என்று தொல்காப்பிய எச்சவியலிலேயே இடம் இருக்கிறது, எனக்கு மறுப்பில்லை, ஆனால் அந்த வழியில் அலைன்மென்டும் வரட்டுமே. அப்புறம், இந்தக் காலத்தில் நோட்டம் விடுகிறவன் திருடன். 'ஆய்வு' என்றும் வேண்டாம். இங்கே இன்ஸ்பெக்‌ஷன் என்றால் எல்லாருக்கும் நினைவு வருவது சட்டப்படி வண்டியைக் கொண்டுபோய்க் காட்டுவது. 'அலைன்மென்டுக்கு முந்திய சோதனை' என்று நேராக எழுதிவிடலாம்.

தேக்காவிலிருந்து:
சேமம் தமிழே. இப்பி சிப்பியானதுபோல ஏமம் சேமமாயிற்று என்பது என் துணிபு. ஏமம் என்றால் காவல். இதைப் பற்றித் தனியாக, விரிவாக எழுதுகிறேன்.

காக்கி புக்கிட்டிலிருந்து:
ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. எங்கள் பையன்களிடம் சேமம் என்று சொன்னால், ஊருக்கு அனுப்பச் சேர்த்துவைக்கிற பணம் என்றுதான் நினைப்பார்கள்.

பிடோக்கிலிருந்து:
ஏமமா! ஏமம் என்றால் பொன் என்றும் அகராதியில் இருக்கிறதே, பட்டறை முதலாளிக்குப் பொருத்தம்தான்.

ஈசூனிலிருந்து:
எல்லாருக்கும் நன்றி. 'அலைன்மென்டுக்கு முந்திய சோதனை' தலைப்பு வரியில் அடங்கவில்லை, எழுத்தைச் சிறிதாக்கினால் கிரீஸ் கையோடு தூரத்தில் நிற்பவருக்குத் தெரியாது. அதனால் பெரிதாக 'முதல் சோதனை', அதன் கீழே 'அலைன்மென்ட் செய்யும் முன், முன்னும் பின்னும் எல்லாச் சக்கரமும்' என்று போடுகிறேன். ஆட்டம் என்ற சொல் உள்ளே வரிக்கு வரி வருகிறது. பெரும்பாலானோர் சரி என்று தனி மடலில் சொல்லிவிட்டார்கள்.

தேக்காவிலிருந்து:
அச்சிடுங்கள். இரண்டாம் சோதனை எது என்று ஒரு பையனாவது கேட்கத்தான் போகிறான். என் ஓட்டு சேமநோட்டத்துக்கே.