அப்ளைடு ஸ்டாட்டிஸ்டிக்ஸில் மாஸ்டர்ஸ்: புதிதாக வந்து படிக்க நினைப்பவர்களுக்கு

வெளிநாடு வந்து சேர்ந்த கையோடு மாஸ்டர்ஸ் படிக்க நினைப்பவர்களில் பலர் டேட்டா சயின்ஸா, ஸ்டாட்டிஸ்டிக்ஸா என்று குழம்பி நிற்கிறார்கள். கணக்கில் ஓரளவு பிடிப்பும், "இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்று கேட்கும் குணமும் இருந்தால் தயங்காமல் அப்ளைடு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் (பயன்பாட்டுப் புள்ளியியல்) எடுங்கள் என்பேன். மென்பொருள்கள் வரும், போகும். புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் 1920களில் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் வயல் சோதனைகளுக்காக வகுத்த முறைகள்தான் இன்றைக்கும் மருந்துச் சோதனைக்கும் இணையதளங்களின் ஏ/பி சோதனைக்கும் (இரு வடிவங்களை வெவ்வேறு பயனர்களுக்குக் காட்டி ஒப்பிடுவது) அடித்தளம். அந்த அடித்தளத்தைப் பொறுமையாகச் சொல்லித்தரும் படிப்பு இது.

முதலில் கணக்கு. வகை நுண்கணிதம், நிகழ்தகவு, அணிகள் (மேட்ரிக்ஸ்) மூன்றும் வேண்டும். பொறியியல் படித்தவர்கள் இதெல்லாம் முன்பே முடித்ததுதானே என்று விட்டுவிடுகிறார்கள். தேர்வுக்காக அணியின் நேர்மாறு கண்டுபிடித்தது வேறு, ரிக்ரஷன் (ஒரு அளவை வைத்து இன்னொன்றைக் கணிக்கக் கோடு பொருத்துவது) என்பது ஒரு வெக்டரை ஒரு தளத்தின் மேல் வீழ்த்துவது என்று புரிந்துகொள்வது வேறு. வகுப்பு தொடங்கிச் சில நாட்களிலேயே பேராசிரியர் எல்லாவற்றையும் அணிகளில் எழுத ஆரம்பித்துவிடுவார். அணியின் தரம் (ராங்க்), வீழ்ப்பு (ப்ரொஜெக்ஷன்), ஐகன் மதிப்பு இந்த மூன்றையும் சேருவதற்கு முன்பே கையால் போட்டுப் பழகிவிடுங்கள். நிகழ்தகவில் நிபந்தனை எதிர்பார்ப்பு (ஒன்று தெரிந்தபின் மற்றொன்றின் சராசரி என்ன என்பது) தடுமாறாமல் வர வேண்டும். இவ்வளவு இருந்தால் முதல் பருவத்தைத் தாண்டிவிடலாம்.

எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்கும்போது எல்லோரும் தரவரிசையைத்தான் பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது பாடத்திட்டத்தில் ஸ்டாட்டிஸ்டிகல் கன்சல்டிங் என்று ஒரு பாடம் இருக்கிறதா என்பதை. வேறு துறை ஆய்வாளர்கள் தங்கள் உண்மையான டேட்டாவோடு வருவார்கள். நீங்கள் உட்கார்ந்து கேட்டு, அலசி, எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தப் படிப்பின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

ஒரு உதாரணம். ஒரு ஆய்வாளர் 120 வரிசை உள்ள எக்செல் கோப்போடு வருகிறார். பழைய சிகிச்சை, புதிய சிகிச்சை, ரத்த அழுத்தம். டி-டெஸ்ட் (இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் சோதனை) போட்டாயிற்று, பி-வேல்யூ (உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வேறுபாடு தற்செயலாக வருவதற்கான வாய்ப்பு) 0.05-க்குக் கீழே வந்துவிட்டது, சரிதானே என்கிறார். நீங்கள் கோப்பைக் கீழே இழுத்துப் பார்த்தால் ஒரே நோயாளி எண் மூன்று மூன்று முறை வருகிறது. ஆக, 40 பேர்தான், ஒவ்வொருவருக்கும் மூன்று அளவீடு. ஒரே ஆளின் மூன்று அளவீடுகள் ஒன்றையொன்று ஒத்துத்தான் இருக்கும். அவற்றை 120 தனி ஆட்கள் போல எண்ணினால் நிச்சயமின்மை உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். ஒரே ஆளின் அளவீடுகள் தொடர்புள்ளவை என்பதைக் கணக்கில் எடுக்கும் மிக்ஸ்டு மாடல் போட்டதும் அந்தப் பி-வேல்யூ நிலைக்காமல் போகலாம். வயது நெடுவரிசையில் சில இடங்களில் 999 என்றும் இருக்கும். தகவல் இல்லை என்பதற்கு யாரோ போட்டு வைத்த குறி அது. கவனிக்காமல் சராசரி எடுத்தால் கதை கந்தல். இதை எந்தச் சூத்திரமும் கண்டுபிடித்துத் தராது, கண்தான் பிடிக்க வேண்டும்.

டேட்டாவை முதலில் படமாக வரைந்து பார்க்கும் பழக்கமும் இப்படித்தான் வர வேண்டும். புள்ளியியலாளர் அன்ஸ்கோம்ப் 1973-இல் வெளியிட்ட நான்கு சிறு தொகுப்புகளை நீங்களே ஒருமுறை வரைந்து பாருங்கள். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். சராசரி ஒன்றே, ஒட்டுறவு (இரு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பது) ஏறக்குறைய 0.816, நான்குக்கும் கிட்டத்தட்ட ஒரே ரிக்ரஷன் கோடு. வரைந்தால் ஒன்றுதான் ஒழுங்கானது. ஒன்று வளைவு, ஒன்றில் ஒரே ஒரு புள்ளி கோட்டையே இழுத்துவிட்டது, கடைசியில் ஒரே ஒரு புள்ளியை எடுத்துவிட்டால் சாய்வு கணக்கிடவே வழியில்லை.

மென்பொருளைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள், பைதான் ஓரளவு போதும். மருந்து ஆய்வுத் துறைக்குப் போக எண்ணம் இருந்தால் சாஸ் (SAS) என்ற மென்பொருள் தெரிந்திருப்பது நல்லது. கூடவே, ஒரு நிகழ்வு நடக்க எவ்வளவு காலம் ஆகிறது என்பதை அலசும் சர்வைவல் அனாலிசிஸ் பாடத்தையும் விடாதீர்கள். வங்கி, காப்பீடு என்றால் லாஜிஸ்டிக் ரிக்ரஷனும் (ஆம்/இல்லை வகை முடிவுகளைக் கணிப்பது) ஜி.எல்.எம்மும் (அதை உள்ளடக்கிய பொதுமைப்படுத்திய நேரியல் மாடல்) கரைத்துக் குடித்திருக்க வேண்டும்.

நம்மவர்களிடம் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். கணக்கில் நாம் பின்தங்குவதில்லை, எடுத்துச் சொல்வதில்தான் பின்வாங்குகிறோம். "ஆட்ஸ் ரேஷியோ 1.8" (இரு குழுக்களின் வாய்ப்புகளை ஒப்பிடும் விகிதம்) என்று எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். யாருக்கு, எதோடு ஒப்பிட்டால், எவ்வளவு நிச்சயத்தோடு என்று புள்ளியியல் தெரியாத ஒருவருக்குப் புரியும்படி நான்கு வரி எழுதிப் பழகுங்கள். உச்சரிப்பை நினைத்துக் கூச்சப்பட வேண்டாம். எதிரே இருப்பவருக்குத் தேவை தெளிவு.

அப்புறம் காகித வேலை. படித்த பல்கலைக்கழகத்திலிருந்து மதிப்பெண் சான்று நேரடியாக வர வேண்டும் என்று பல இடங்களில் கேட்பார்கள். அது வந்து சேர நாளாகும், முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். மாணவர் விசாவில் இருப்பவர்கள் முழுநேரமாகத்தான் படிக்க வேண்டும் என்பது பல நாடுகளில் விதி. துணைவர் விசாவில் வந்தவர்களுக்குப் பகுதிநேரப் படிப்பு கிடைக்க வாய்ப்பு உண்டு, ஆனால் விதி நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அரசுப் புள்ளிவிவரத் துறையைக் குறி வைத்திருந்தால், பல நாடுகளில் அந்த வேலைகளுக்குக் குடியுரிமை கேட்கிறார்கள் என்பதைச் சேருவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். அந்தக் கதவு அடைபட்டிருந்தால் விருப்பப் பாடங்களை அதற்கேற்ப மாற்றி எடுக்க முதல் பருவத்திலேயே நேரம் இருக்கும்.