தவிட்டெண்ணெய்க்கு மாறினால் எல்.டி.எல். இறங்குமா?

பாலாறு76:
அப்பாவுக்கு 58 வயசு. எல்.டி.எல். (கெட்ட கொலஸ்டிரால்) 142, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பு) 210. ராத்திரி அட்டோர்வாஸ்டாடின் என்ற கொலஸ்டிரால் மாத்திரை 10 மி.கி. போடுகிறார். வீட்டில் நாலு பேர், மாசம் 4 லிட்டர் செக்கு மல்லாட்டை (வேர்க்கடலை) எண்ணெய் ஆகிறது. தவிட்டெண்ணெயில் தாவர ஸ்டெரால் (செடிகளில் இருக்கும், கொலஸ்டிரால் மாதிரியான பொருள்) அதிகம், அதற்கு மாறினால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்கிறார்கள். தினம் 2 கிராம் ஸ்டெரால் சாப்பாட்டிலேயே கிடைக்குமா?

அளவுகோல்:
கிடைக்காது. கணக்கு போட்டுப் பாருங்கள். மாசம் 4 லிட்டர் என்றால் ஆளுக்கு தினம் 33 மி.லி., சுமார் 30 கிராம். 100 கிராம் மல்லாட்டை எண்ணெயில் ஸ்டெரால் 200 மி.கி. அளவுதான், அப்படியானால் அப்பாவுக்குப் போவது 60 மி.கி. அதே 30 கிராம் நல்லெண்ணெய் என்றால் 250 மி.கி., தவிட்டெண்ணெய் என்றால் 350 மி.கி. வரும். 2 கிராமுக்குத் தவிட்டெண்ணெயே 170 கிராம் குடிக்க வேண்டும், அது 1,500 கலோரி! எல்.டி.எல்.லை 8 முதல் 10 சதவீதம் இறக்கும் அளவு அந்த 2 கிராம். சாதாரணச் சாப்பாட்டில் தினம் கிடைப்பது 200 முதல் 400 மி.கி.தான்.

இன்னொன்று, ஸ்டெரால் டிரைகிளிசரைடைப் பெரிதாகத் தொடாது. 210 இறங்க, சோற்றின் அளவும் சர்க்கரையும் குறைய வேண்டும். எண்ணெயை மாற்றுவதைவிட 4 லிட்டரை 2 லிட்டராக்குவது உங்கள் வீட்டுக்கு முதல் வேலை.

மாத்திரையை நீங்களாக நிறுத்தவே நிறுத்தாதீர்கள். மாரடைப்பைக் குறைக்கும் என்று பெரிய ஆய்வுகளில் நிரூபணமானது ஸ்டாடின் (அப்பா போடும் மாத்திரை இந்த வகைதான்). ஸ்டெராலுக்கு அந்த நிரூபணம் இல்லை. அது ரத்தத்தில் எல்.டி.எல். அளவைக் குறைக்கிறது, அவ்வளவுதான்.

எள்ளுப்பொடி:
இரண்டும் வேலை செய்யும் இடமே வேறு. ஸ்டாடின், கல்லீரல் கொலஸ்டிராலைத் தயாரிப்பதைத் தடுக்கிறது. ஸ்டெரால் உருவத்தில் கொலஸ்டிரால் மாதிரியே இருக்கும். குடலில் பித்தநீரோடு சேர்ந்து கரையும் நுண்துளிகளில் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இடம் கிடைக்காத கொலஸ்டிரால் மலத்தோடு போய்விடும். அதனால் மாத்திரையோடு சேர்ந்தால் கூடுதல் பலன் உண்டு.

எள்ளை விடாதீர்கள். இரண்டு மேசைக்கரண்டி எள்ளில் சுமார் 100 மி.கி. ஸ்டெரால் இருக்கிறது. இலவம்பாடி முள் கத்திரிக்காய்க்கு எள்ளும் மல்லாட்டையும் வறுத்து அரைக்கும் மசாலா நல்லதுதான், ஆனால் மேலே மிதக்கும் எண்ணெயை வடித்துவிட்டுப் பரிமாறுங்கள்.

பாலாறு76:
ஆரணி மில்லில் தவிடு வாங்கி அப்படியே கஞ்சியில் போடலாமா? ஸ்டெரால் கேப்சூல் எடுத்தால் எப்போது?

அளவுகோல்:
மில் தவிடு வேண்டாம். அரிசி தீட்டிய சில மணி நேரத்திலேயே அதிலுள்ள லைபேஸ் என்ற என்சைம் கொழுப்பை உடைக்க ஆரம்பிக்கும், காறல் வாடை வரும். தவிட்டெண்ணெயைச் சுத்திகரித்து மட்டுமே விற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேப்சூலை வெறும் வயிற்றில் போட்டால் பலன் குறைவு. பித்தநீர் சுரக்க வேண்டும், அதனால் மதியம், இரவு முக்கிய சாப்பாட்டோடு பிரித்துப் போட வேண்டும். லேபிளை ஊன்றிப் படியுங்கள்: 'ஸ்டெரால் எஸ்டர்' 1.6 கிராம் என்று எழுதியிருந்தால் உள்ளே ஸ்டெரால் 1 கிராம்தான். ஸ்டெரால் மொத்தத்தில் தினம் 3 கிராமைத் தாண்ட வேண்டாம். பீட்டா கரோட்டின் உறிஞ்சுவது கொஞ்சம் குறையும். பரங்கிக்காய், கேரட், முருங்கைக்கீரை தினம் ஏதாவது ஒன்று இருக்கட்டும். கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், சின்னக் குழந்தைகளுக்கு இந்தக் கேப்சூல் வேண்டாம். சிட்டோஸ்டெரோலீமியா என்ற அரிய பரம்பரை நோய் உள்ளவர்களுக்குத் தாவர ஸ்டெரால் ரத்தத்தில் தேங்கும். அவர்கள் தொடவே கூடாது.

ஆரம்பிக்கும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். 8 வாரம் கழித்து அதே லேபில், 12 மணி நேரம் வெறும் வயிற்றோடு லிப்பிட் டெஸ்ட் (ரத்தக் கொழுப்புப் பரிசோதனை) எடுங்கள். அந்த இடைவெளியில் மாத்திரை அளவும் எண்ணெயும் மாறக் கூடாது. மாறினால் எதனால் இறங்கியது என்றே தெரியாது.