இணையவழி வகுப்பில் மாணவர்களை விவாதிக்க வைப்பது எப்படி?

மார்த்தாண்டம் விரிவுரையாளர்:
வணக்கம். இளங்கலைப் பொருளியல் இரண்டாமாண்டு மாணவர்கள் 54 பேருக்குப் பாடம் நடத்துகிறேன். மழை விடுமுறை நாள்களில் கூகுள் மீட் வழியாக வகுப்பெடுத்துவிட்டு, பாடத்தையொட்டிய ஒரு கேள்வியைக் கூகுள் கிளாஸ்ரூமில் இடுவது என் வழக்கம். சென்ற வாரம் "தேவை நெகிழ்ச்சி என்றால் என்ன?" என்று, அதாவது விலை மாறும்போது வாங்கும் அளவு எவ்வளவு மாறுகிறது என்பது பற்றிக் கேட்டிருந்தேன். ஆறு பேர் எழுதினார்கள்; அவற்றுள் நான்கு, ஒரே வழிகாட்டி நூலிலிருந்து அச்சுப்பிழை உட்பட அப்படியே எடுக்கப்பட்டவை. மற்றவர்கள் "நன்றி ஐயா" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். நேரில் வாய் ஓயாத பிள்ளைகள் இங்கு வாய் திறப்பதேயில்லை. மதிப்பெண் வைத்தால் பயன் உண்டா?

ஓய்வுபெற்ற பேராசிரியர், நாகர்கோவில்:
ஐயா, மதிப்பெண் வைத்தால் எண்ணிக்கை கூடும். "நானும் இதை ஆமோதிக்கிறேன்" என்ற வரி ஐம்பது முறை வரும். குறை கேள்வியில் இருக்கிறது. நூலில் ஒரே விடை உள்ள ஒன்றை முதலாமவர் எழுதிவிட்டால் அடுத்தவர் எழுத என்ன மிச்சம்? நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கரையான சின்னமுட்டம் பக்கத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கரையான குளச்சல், முட்டம் பக்கத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் நடப்பில் இருப்பதால், ஜூன் முதல் பதினான்கு நாள்கள் இரு கரைகளிலும் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்நாள்களில் மீன் விலை ஏறினால் உங்கள் வீட்டில் வாங்குவதைக் குறைப்பார்களா, கருவாட்டுக்கு மாறுவார்களா, விலை பாராமல் வாங்குவார்களா என்று கேட்டுப் பாருங்கள். கடலோரக் குளச்சல் மாணவரின் விடையும் மலையடிவாரக் குலசேகரம் மாணவரின் விடையும் ஒன்றாக இராது.

இன்னொன்று. ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடியே காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டினால் மாணவர்களின் விடைகள் நீளுகின்றன என்றும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளை ஆராய்ந்து காட்டினார். மீட்டில் மைக்கைத் திறக்கவே அந்த மூன்று நொடி போய்விடும்.

முதுகலை மாணவி, தக்கலை:
ஐயா, வகுப்பில் தவறாகச் சொன்ன விடை காற்றோடு போய்விடும். இங்கோ அது எங்கள் பெயரோடு நிற்கும்; அரைமணி நேரத்தில் அதன் ஸ்கிரீன்ஷாட் வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்றால், தெரிந்தவர்களும் ஒதுங்கிவிடுவார்கள். தமிழில் எழுதலாம் என்று நீங்களே முதலில் தமிழில் ஒரு பதிவிட்டுக் காட்டுங்கள்.

மார்த்தாண்டம் விரிவுரையாளர்:
இருவருக்கும் நன்றி. மீன் கேள்வியைத் தமிழிலேயே கேட்டேன். இரண்டு நாளில் 29 பேர் எழுதியிருக்கிறார்கள். விலை ஏறினால் தன் தாய் அயிலையை விட்டுச் சாளைக்கு மாறுவதாக ஒரு மாணவி எழுத, தங்கள் ஊரில் வாசலுக்கு வரும் மீன்கார அம்மாவிடம் கடன் சொல்லி வாங்குவதால் விலை உறைப்பதேயில்லை என்று மற்றொருவர் மறுத்திருக்கிறார். பதிலீட்டுப் பண்டம் (ஒன்றுக்கு மாற்றாக வாங்கும் பொருள்) என்ற சொல்லை இருவரும் பயன்படுத்தவில்லை. அதை நான் இப்போதே எடுத்துச் சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடுமோ என்று தயங்குகிறேன். எத்தனை நாள் பொறுக்கலாம்?

ஓய்வுபெற்ற பேராசிரியர், நாகர்கோவில்:
அடுத்த வகுப்புவரை பொறுங்கள். அந்தச் சொல்லை அங்கே, அவ்விருவரின் வரிகளையும் படித்துக்காட்டிய பிறகு சொல்லுங்கள்.