எஞ்சினுக்குப் போர் போடச் சொன்னார்கள் சரி, அளந்து பார்த்தார்களா? உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

பாலாற்றங்கரை:

வண்டி மாமாவுடைய பழைய ஸ்பிளெண்டர் பைக். அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து விடிகாலையில் பால் கேன் கட்டிக்கொண்டு வேலூர் வரும், வழி நெடுக ஜல்லி லாரியும் புழுதியும்தான். கொஞ்ச நாளாகவே நீலப் புகை, ஆயிலும் குறைந்துகொண்டே வந்தது. ஒரு கடையில் "போர் போயிடுச்சு, பிளாக்கோட மாத்திடுங்க" என்றார்கள் (போர் என்பது பிஸ்டன் ஏறி இறங்கும் துளை, பிளாக் அந்தத் துளை இருக்கும் கட்டி, தேய்ந்த துளையைக் கொஞ்சம் பெரிதாகக் கடைவதுதான் போர் போடுவது). இன்னொரு கடையில் "ரிங் மட்டும் போடுங்க, ஓடும்" என்றார்கள் (ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம்). இரண்டு பேருமே எஞ்சினைத் திறக்காமலே சொன்ன வைத்தியம் இது.

நானே பிளாக்கைக் கழற்றி ராணிப்பேட்டையில் தெரிந்த ஒரு பெரியவரின் லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். அவர் முதலில் போர் கேஜை (துளையின் விட்டத்தை அளக்கும் கருவி) தொடவே இல்லை. துணியால் உள்ளே துடைத்துவிட்டு விரல் நகத்தை மேலிருந்து கீழே இழுத்தார். மேல் ரிங் நின்று திரும்பும் இடத்தில் நகம் டக்கென்று மாட்டியது. "இந்தப் படி இருக்குதே, புது ரிங்கை நேரா இதுல கொண்டுபோய் இடிச்சா என்னப்பா ஆகும்?" என்று கேட்டார்.

அப்புறம் ஒரு ரிங்கை போருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, ரிங்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவிலுள்ள வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகடுகள்) பார்த்தார். தேய்மானம் அதிகம் இல்லாத அடிப்பக்கத்தில் 0.30 மில்லிமீட்டர், மேலே கொண்டுவந்தால் 0.45. வித்தியாசம் 0.15, அதை மூன்றால் வகுத்தால் மேலே போர் சுமார் 0.05 மில்லி அகன்றிருக்கிறது என்று கணக்கு (சுற்றளவு விட்டத்தைப் போல மூன்று மடங்குக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான் விஷயம்). போர் கேஜ் இல்லாதவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஆனால் போர் வட்டமாக இருக்கிறதா, முட்டையாகிவிட்டதா என்று ரிங் சொல்லாது, அதற்குக் கேஜ்தான். கேஜ் வைத்தபோது பிஸ்டன் பின்னுக்கு (பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் தண்டு) குறுக்கே 50.09, பின் இருக்கும் திசையில் 50.04. புதிதாக இருக்கும்போது 50 மில்லி. பிஸ்டன் சாய்ந்து உரசுவது குறுக்குத் திசையில் என்பதால் தேய்மானமும் அங்கேதான் கூடும்.

ஆக, ரிங் மட்டும் போட்டிருந்தால் சீக்கிரமே புகை திரும்ப வந்திருக்கும். பிளாக்கைத் தூக்கிப் போடவும் வேண்டியதில்லை, 0.25 ஓவர்சைஸ் (கால் மில்லிமீட்டர் பெரிய பிஸ்டனுக்காகக் கடைவது) தாராளமாக எடுக்கும். "பிஸ்டனை வாங்கிட்டு வா, அதை அளந்துதான் போர் போடுவேன்" என்று என்னைத் திருப்பி அனுப்பினார். பிஸ்டன் கையில் இல்லாமல் "பாயிண்ட் டூ ஃபைவ் போட்டு வெச்சிடறேன்" என்று சொல்லும் பட்டறை எனக்கு இனி வேண்டாம்.

கழுவுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஹோனிங் (கல்லால் உள்ளே தேய்த்துக் குறுக்குக் கோடு போடுவது) முடிந்த போரைப் பெட்ரோலில் அலசினால் பளபளவென்றுதான் தெரியும், ஆனால் கல் தூள் அந்தக் குறுக்குக் கோடுகளுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். வெந்நீர், துணி சோப்பு, பிரஷ். கழுவிவிட்டு வெள்ளை வேட்டித் துணியால் துடைத்தால் சாம்பல் நிறம் வரும். மறுபடி கழுவினால் மறுபடி வரும். துணி வெள்ளையாகவே வரும்வரை விடாதீர்கள். உடனே ஆயில் தடவிவிட வேண்டும், இல்லையென்றால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துரு ஏறும்.

இவ்வளவும் எதனால் வந்தது என்றால், ஏர் ஃபில்டருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாய் அடிப்பக்கம் கிழிந்திருந்தது. உள்ளே விரலை விட்டால் நறநறவென்று மண். அதை மாற்றாமல் போர் மட்டும் போட்டிருந்தால் அந்தக் காசு தண்டம். மாமாவோ "ஃபில்டர்தான் புதுசா போட்டேனேடா" என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சிப்காட் லேத்:

நல்லா எழுதியிருக்கீங்க அண்ணே. தொழில் செய்பவனாக இரண்டு விஷயம். போர் போட்ட சூட்டோடு அளக்கவே கூடாது. நம்ம ஊர் மே மாத வெயிலில் வாசலில் கிடந்த பிளாக்கையும் நிழலில் இருந்த மைக்ரோமீட்டரையும் வைத்து அளந்தாலே 0.01 மில்லி வரை பொய் சொல்லும். பிஸ்டனுக்கும் போருக்கும் நடுவில் விடும் கிளியரன்ஸே 0.02, 0.03 என்று பார்க்கிற இடத்தில் அது பெரிய பொய். அவசரப்படுத்தும் ஆளிடம் "காலையில வாங்க" என்று சொல்லிவிடுவேன், திட்டினாலும் பரவாயில்லை.

அப்புறம் டூ ஸ்ட்ரோக். எக்ஸ்எல் சூப்பர், ஆர்எக்ஸ் மாதிரி வண்டிகளில் போர் போட்ட பிறகு போர்ட் (போரின் சுவரில் காற்றும் புகையும் போகும் துவாரம்) ஓரங்கள் கத்தி மாதிரி நிற்கும், அதை லேசாக மழுக்காமல் மாட்டினால் ரிங் அதில் சிக்கி உடையும். பட்டறையில் செய்தார்களா என்று வாங்கும்போதே விரலால் தடவிப் பாருங்கள். இன்னொன்று, சில புது வண்டிகளில் போருக்குள் நிக்கசில் என்ற கடினமான பூச்சு இருக்கும். அதில் சாதாரணமாகப் போர் போட முடியாது. அந்த பிளாக்கைக் கொண்டுவந்து என்னிடம் சண்டை போடாதீர்கள்.

மாந்தோப்பு, குடியாத்தம்:

என் கதை நேர் எதிர். மருந்தடிக்கும் ஸ்பிரேயர், ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின், கயிறு இழுத்தால் தொளதொளவென்று வரும், அமுக்கமே இல்லை. எல்லோரும் போர் என்றார்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றி இழுத்துப் பார்த்தேன். போரோ ரிங்கோ தேய்ந்திருந்தால் கொஞ்ச நேரத்துக்காவது இறுக்கம் ஏற வேண்டும், ஏறவில்லை. மேல் மூடியான ஹெட்டைத் திறந்தால் எக்ஸாஸ்ட் வால்வு (புகை வெளியேறும் வழியை மூடுவது) அதன் சீட்டில் உட்காரவே இல்லை, சுற்றிலும் கரி. வால்வைக் கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்த்து மாட்டியதோடு சரி, பிளாக்கைத் தொடவில்லை.

அந்த ராணிப்பேட்டைப் பெரியவர் ஸ்பிரேயர் பிளாக்கெல்லாம் எடுப்பாரா அண்ணே? பக்கத்துத் தோப்புக்காரருடையது நிஜமாகவே புகைகிறது.