தேயிலை வேலைக்கு நடுவே தேவனோடு முதல் நேரம்: ஆலோசனை சொல்லுங்கள்

சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். நாங்கள் கோத்தகிரி பக்கம் சிறு தேயிலை விவசாயிகள். பறித்த இலை அன்றே ஃபேக்டரிக்குப் போயாக வேண்டும். விடிந்ததும் வீடு பரபரப்பாகிவிடும். ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் போகிறோம். ஆனால் தேவனோடு நெருங்கியிருப்பது மிச்ச நேரத்து வேலையாக இருக்கக் கூடாது என்று மனம் ஏங்குகிறது.

இயேசு இருட்டோடே எழுந்து தனியே போய் ஜெபித்தார் (மாற்கு 1:35). தானியேல் ராஜாங்க வேலைக்கு நடுவிலும் தினம் மூன்று வேளை முழங்காலிட்டார். 17-ம் நூற்றாண்டில் பாரிஸ் மடத்துச் சமையற்கட்டில் வேலை செய்த சகோதரர் லாரன்ஸ், வேலையோடு வேலையாக தேவனோடு பேசிக்கொண்டே இருந்தார். இலை பறிக்கும் எங்களுக்கு இவர் வழி ஒத்துவரும் என்று தோன்றுகிறது.

தோட்ட வேலை பார்க்கிறவர்கள் எப்படிச் செய்கிறீர்கள்? அப்புறம், பள்ளிக்கு ஓடும் பிள்ளைகளோடு குடும்ப ஜெபம் எப்போது வைக்கிறீர்கள்? இந்த உறைபனிக் குளிரில் விடியற்காலையில் அவர்களை எழுப்ப மனம் வரவில்லை. அனுபவத்தில் கைகொடுத்ததைச் சொல்லுங்கள்.