பிரஜாவுரிமைச் சட்டம்: 1948இலா, 1964இலா தொடங்குவது?

மஸ்கெலியா மாணவி:
சட்டமாணி மூன்றாம் வருடத்தில் குடியுரிமை மற்றும் குடிபெயர்வுச் சட்டத்தை விசேட பாடமாகப் படிக்கிறேன். மலையக மக்களின், அதாவது இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர் சமூகத்தின், பிரஜாவுரிமை பற்றி ஆய்வுக்கட்டுரை எழுத வேண்டும். நாடற்றிருந்த அம்மக்களை இலங்கையும் இந்தியாவும் பகிர்ந்து ஏற்பதற்கான 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் தொடங்கினால் போதும் என்கிறார்கள் மேல் வகுப்பு மாணவர்கள். ஆனால் அம்மாச்சியின் தகரப்பெட்டியில், மடிப்புகளில் கிழிந்துபோன ஒரு கடிதம் இருக்கிறது. தாத்தா தொடர்ச்சியாக இலங்கையில் வதிந்தமை நிரூபிக்கப்படவில்லை என்று கூறி அவருடைய பிரஜாவுரிமை விண்ணப்பத்தை நிராகரித்த கடிதம் அது. அதை எந்தச் சட்டத்தோடு சேர்த்துப் படிப்பது?

ஓய்வுபெற்ற சட்டத்தரணி, ஹட்டன்:
மகள், ஒப்பந்தத்தில் தொடங்கினால் 975,000 பேர் எப்படி நாடற்றவர்கள் ஆனார்கள் என்ற கேள்வியே எழாது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவை முதலில் வாசியுங்கள். அந்த ஆண்டு நவம்பர் 15க்கு முன் இந்நாட்டிலேயே பிறந்தவரும்கூட, தம் தந்தை, அல்லது தந்தைவழிப் பாட்டன், பூட்டன் இருவரும் இங்கு பிறந்தார்கள் என்று காட்ட வேண்டியிருந்தது. தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்துக் காம்பராவில் பிறந்த பூட்டனுக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கே இருக்கப்போகிறது? தாய்வழி கணக்கிலேயே இல்லை. 'இந்தியர்', 'தமிழர்' என்ற சொற்கள் அப்பிரிவில் வருவதில்லை என்பதையும் கவனியுங்கள். இச்சட்டத்தை எதிர்த்த கொடக்கன்பிள்ளை வழக்கில், ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமான சட்டங்களைத் தடுத்த சோல்பரி அரசியல் யாப்பின் 29(2)ஆம் பிரிவு ஏன் கைகொடுக்கவில்லை என்பது அதிலிருந்தே விளங்கும். 1953இல், அப்போது நமக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாயிருந்த இலண்டன் கோமறைக் கழகம் (Privy Council), இது குடியுரிமையை வரையறுக்கும் சட்டமே, ஒரு சமூகத்தைக் குறிவைத்ததல்ல என்று தீர்த்தது. எனக்கு அத்தீர்ப்பு இன்றும் உடன்பாடில்லை. ஆனால் அதன் வாதத்தை எதிர்கொள்ளாமல் உங்கள் கட்டுரை நிற்காது.

உங்கள் தாத்தாவின் கடிதம் 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் வந்திருக்க வேண்டும். மணமானவருக்கு 7 ஆண்டுகளும் மணமாகாதவருக்கு 10 ஆண்டுகளும், 1946 ஜனவரி 1க்கு உடனடியாக முன்னரான இடையறாத வதிவிடம் தேவைப்பட்டது. தொழிலாளரின் பெயரும் வேலைநாளும் பதியும் தோட்டத்துச் செக்ரோல்தான் அதற்குப் பலருக்கும் கிடைத்த சாட்சி.

கோத்தகிரியில் உறவுள்ளவர்:
ஐயா சொன்னதோடு ஒன்று. 1984இல் தலைமன்னார் - இராமேஸ்வரம் கப்பல் நின்றபோது, ஒப்பந்தப்படி பெற்ற இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டவர்களை மறக்க வேண்டாம். அவர்களும் இலங்கைப் பிரஜாவுரிமை பெற வழிவிட்டது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம்.

மஸ்கெலியா மாணவி:
நன்றி ஐயா. கடிதத்தின் பின்புறம் பென்சிலால் ஓர் இலக்கம் எழுதியிருக்கிறது. செக்ரோல் இலக்கமாக இருக்கலாம் என்று இப்போதுதான் தோன்றுகிறது. வரும் சனிக்கிழமை தோட்டத்து அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கிறேன்.