பிசியோ (இயன்முறை சிகிச்சை) போகிறேன், வலி குறைந்தது, இடுப்பு மட்டும் இன்னும் பலகை மாதிரி இருக்கிறது

ஈசூன் ஓட்டுநர்:

எனக்கு வயது 49. 17 வருடமாக சிங்கப்பூரில் பஸ் ஓட்டுகிறேன். 3 மாதத்துக்கு முன், அதிகாலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது காலுறை போடக் குனிந்தவன் நிமிர முடியாமல் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பலதுறை மருந்தகத்தில் காலைத் தூக்கச் சொன்னார்கள், கட்டைவிரலை அழுத்திப் பார்த்தார்கள். மரத்துப்போகவில்லை, பலமும் குறையவில்லை. அதனால் இப்போதைக்கு ஸ்கேன் வேண்டாம் என்று 3 நாள் எம்சியும் (மருத்துவ விடுப்பு) பிசியோவுக்குக் கடிதமும் கொடுத்தார் டாக்டர்.

அப்பாயின்ட்மென்ட் வரும்வரை பொறுக்க முடியாமல் ஒரு மசாஜ் கடைக்குப் போனேன். முடிச்சை எடுக்கிறேன் என்று முழங்கையை ஊன்றி அழுத்தினார்கள். அன்றிரவு புரண்டு படுக்கக்கூட மனைவி கைகொடுக்க வேண்டியிருந்தது.

இப்போது பிசியோ 4 முறை முடிந்துவிட்டது. மெஷின் எதுவும் வைக்கவில்லை. மல்லாந்து படுத்து முழங்காலை இருபக்கமும் சாய்ப்பது, இடுப்பைத் தூக்குவது, கைகாலை ஊன்றி வலக்கையையும் இடக்காலையும் நீட்டுவது, அப்புறம் நடை. இவ்வளவுதான். வலி பாதிக்குமேல் குறைந்துவிட்டது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் முதுகெலும்பின் இரண்டு பக்கமும் தொட்டால் கட்டை மாதிரி இருக்கிறது. 2 மணி நேரம் ஓட்டிவிட்டு இன்டர்சேஞ்சில் (பஸ் முனையத்தில்) இறங்கினால், கம்பியைப் பிடித்து ஒரு நிமிடம் நின்ற பிறகுதான் கால் நகர்கிறது.

வலி குறைந்தும் விறைப்பு ஏன் போகவில்லை? மெஷின் வைக்கச் சொல்லிக் கேட்கலாமா? இடுப்புக்கு பெல்ட் போட்டுக்கொண்டு ஓட்டலாமா? இந்த வேலையை நான் விடப்போவதில்லை, அதனால்தான் இவ்வளவு விவரமாகக் கேட்கிறேன்.

தேக்கா அக்கா:

தம்பி, நான் சமையல் வேலை. பெல்ட்டை 2 வருடம் கட்டியிருந்தேன். கழற்றினால் இடுப்பே கழன்றுவிடும் என்கிற பயம் வந்துவிட்டது. பிசியோவில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து விடவைத்தார்கள். நீங்கள் ஆரம்பிக்கவே வேண்டாம். காலையில் விறைப்பாக இருந்தால் வெந்நீர்ப் பை 15 நிமிடம் வைத்துவிட்டு உடனே பயிற்சி செய்யுங்கள். நான் கோடாலித் தைலமும் தேய்ப்பேன். சூடாக, இதமாக இருக்கும். ஆனால் என்னைத் திரும்பவும் அடுப்படியில் நிற்கவைத்தது பயிற்சிதான்.

பிசியோ மாலா:

அண்ணா, நான் இங்கே மருத்துவமனையில் பிசியோவாக இருக்கிறேன். உங்களைப் பரிசோதிக்காமல் பொதுவாகத்தான் சொல்ல முடியும்.

உங்கள் பஸ்ஸில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் தாயைப் பார்த்திருப்பீர்கள். பஸ் ஒருமுறை குலுங்கிவிட்டால் அதற்குப் பிறகு ஓட்டம் சீரானாலும் கம்பியை விடமாட்டார். வலி வந்த முதுகும் அப்படித்தான். தசை சுருங்கிச் சின்னதாகிவிடவில்லை. காவல் காக்கிறது. ஆரோக்கியமானவர் முழுதாகக் குனிந்து தொங்கும்போது முதுகுத் தசைகள் கடைசிக் கட்டத்தில் தாமாகவே ஓய்ந்துவிடும். நாள்பட்ட இடுப்பு வலி உள்ள பலருக்கு அந்த ஓய்வு வருவதில்லை, குனிந்த நிலையிலும் தசை வேலை பார்த்துக்கொண்டே இருக்கும். அதைத்தான் நீங்கள் கட்டை என்கிறீர்கள். காவல் காக்கும் தசையை முழங்கையால் குத்தினால் இன்னும் இறுகத்தானே செய்யும்?

இன்னொன்று. விறைப்பாக உணர்வதும் முதுகு உண்மையில் விறைத்திருப்பதும் ஒன்றல்ல. 2017இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், முதுகைக் கருவியால் அழுத்தி அளந்தபோது, ஆட்கள் உணர்ந்த விறைப்புக்கும் அளவில் வந்த விறைப்புக்கும் பொருத்தம் இல்லை. அழுத்தும்போது கதவு கிறீச்சிடும் ஒலியைக் கேட்கவைத்தால் அவர்களின் உணர்வே மாறியது. உங்கள் விறைப்பு பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. உடம்பு தன்னைப் பாதுகாக்க எழுப்பும் உணர்வு அது, மெல்ல அடங்கும்.

மெஷின் விஷயம்: உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டியில் அல்ட்ராசவுண்ட், இழுவை, மின்தூண்டல், பெல்ட் நான்கையும் வழக்கமான சிகிச்சையாக வேண்டாம் என்கிறது. பயிற்சியையும், நோயைப் பற்றி விளக்கிச் சொல்வதையும் பரிந்துரைக்கிறது. உங்கள் பிசியோ சரியாகத்தான் செய்கிறார். மூச்சை அடக்கிக்கொண்டு பயிற்சி செய்கிறீர்களா என்று மட்டும் கவனியுங்கள், பலரும் அங்கேதான் இறுகிப்போகிறார்கள்.

நடையை விடாதீர்கள். 2024இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, இடுப்பு வலி வந்து அண்மையில் குணமான 701 பேரைப் பற்றியது. பிசியோ வழிகாட்டலில் படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு வலி திரும்ப வர எடுத்த காலத்தின் இடைநிலை 208 நாள், மற்றவர்களுக்கு 112.

சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, தொடையிடுக்கில் உணர்ச்சி மங்கினாலோ, பாதம் தொங்கினாலோ இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

உட்லண்ட்ஸ் 52:

அண்ணே, நானும் ஓட்டுநர்தான். பின்பாக்கெட்டில் பர்ஸ் வைத்து உட்காராதீர்கள். பெடலை முழுதாக மிதித்தாலும் இடுப்பு சீட்டை விட்டு விலகாத தூரத்துக்கு இருக்கையை நகர்த்துங்கள். ஓய்வு நேரத்தில் சீட்டிலேயே போன் பார்க்காமல் பஸ்ஸைச் சுற்றி 5 சுற்று நடங்கள்.

ஈசூன் ஓட்டுநர்:

3 வாரம் கழித்து எழுதுகிறேன். மாலா சொன்னது உண்மை. இடுப்பைத் தூக்கும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். பிசியோவிடம் சொன்னதும், தூக்கும்போது வாய்விட்டு எண்ணச் சொன்னார். ஷிப்ட் முடிந்து ஈசூன் குளத்தைச் சுற்றி நடக்கிறேன், பாதி நாள் மனைவியும் வருகிறாள். முதுகைத் தொட்டுப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். அதற்குப் பதில் காலுறையைத்தான் அளவாக வைத்திருக்கிறேன். முந்தாநாள் இடது காலுறையை நின்றபடியே போட்டேன். வலது காலுக்கு இன்னும் உட்கார வேண்டியிருக்கிறது. இன்டர்சேஞ்சில் கம்பியைப் பிடிப்பது ஒரு நிமிடத்திலிருந்து 4, 5 மூச்சாகக் குறைந்திருக்கிறது. அடுத்த முறை தரையிலிருந்து 5 கிலோ எடையைத் தூக்கிப் பார்க்கலாம் என்றார் பிசியோ. போய் வந்து எழுதுகிறேன்.